மேலே பூசலாம், உள்ளே விடலாமா? கண்ணுக்கும் சைனஸுக்குமான வீட்டு வைத்தியம்: முழுமையான வழிகாட்டி

எங்கள் அப்பத்தாவுக்குக் கண்ணும் மூக்கும் ஒரே அஞ்சறைப் பெட்டி வைத்தியம்தான். மூக்கடைத்தால் மிளகை ஊசியில் குத்தி விளக்கில் காட்டி, புகையை இழுக்கச் சொல்வார். கண்கட்டி வந்தால் நாமக்கட்டியை உரைத்துப் பற்றுப் போடுவார். கண்ணில் தூசி விழுந்தால் இமையை விரித்துப் பிடித்து நாக்கு நுனியால் எடுத்துவிடுவார். மூன்றிலும் எனக்கு அப்போது குணமானது. அப்புறம் இருபது வருடம் சைனஸோடு குடும்பம் நடத்தி, காது மூக்கு தொண்டை மருத்துவரையும் கண் மருத்துவரையும் கேள்வி கேட்டே சலிக்க வைத்த பிறகு பார்த்தால், அந்த மூன்றில் ஒன்று வீண், ஒன்று பரவாயில்லை, ஒன்று ஆபத்து. எது எது என்று போகப் போகத் தெரியும்.

நான் மருத்துவன் இல்லை. வீட்டில் எதைச் செய்யலாம், எப்படிச் செய்யலாம், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று நோயாளியின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

கண்ணும் சைனஸும் பக்கத்து வீடு

முகத்தெலும்புக்குள் காற்று நிறைந்த அறைகள் நான்கு ஜோடி இருக்கின்றன. நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, இரு கண்களுக்கும் நடுவில் மூக்கின் வேரில் ஒன்று, அதற்கும் பின்னால் ஆழத்தில் ஒன்று. நாம் "சைனஸ்" என்று நோயின் பெயராகச் சொன்னாலும் அது இந்த அறைகளின் பெயர்தான். அறையில் ஊறும் சளி சின்னத் துவாரம் வழியாக மூக்குக்குள் வடிய வேண்டும். சளி பிடித்து அந்தத் துவாரம் வீங்கி அடைத்தால் உள்ளே தேங்குகிறது, முகம் கனக்கிறது. கன்னத்து அறையின் நிலைமைதான் பாவம். அதன் துவாரம் அடியில் இல்லை, மேல்பக்கம் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் தானாக வடியாது. குனியும்போது கன்னத்தில் பாரம் இடம் மாறுவது போலத் தோன்றுவது அதனால்தான்.

கண் இருக்கும் குழிக்கும் மூக்கு வேரில் உள்ள அறைக்கும் நடுவே காகிதம் போன்ற மெல்லிய எலும்புச் சுவர் ஒன்றுதான். சைனஸ் சீழ் கண் பக்கம் தாண்டுவது இந்த வழியாக. குழந்தைகளிடம் இது இன்னும் எளிதாக நடக்கும். சளியோடு இருக்கும் பிள்ளைக்கு ஒரு கண் இமை திடீரென்று வீங்கினால் "கொசு கடித்திருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொரு விஷயம். "சைனஸ் தலைவலி" என்று நாமே பெயர் வைத்துக்கொள்வதில் பெரும்பகுதி சைனஸே இல்லை. தனக்கு சைனஸ் தலைவலி என்று நம்பி வந்த 2,991 பேரைப் பரிசோதித்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. மஞ்சள் சளி இல்லை, மூக்கடைப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் மாதம் நான்கு முறை நெற்றி தெறிக்கிறது, வெளிச்சமும் சத்தமும் ஆகவில்லை என்றால் ஆவி பிடித்துப் பயனில்லை. எனக்கே பாதிக்குமேல் இதுதான் என்று தெரிந்துகொள்ளப் பதினோரு வருடம் ஆனது.

எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி

ஒரு வைத்தியத்தைக் கேள்விப்பட்டால் முதலில் கேட்க வேண்டியது, இது மேலே போடுவதா, உள்ளே விடுவதா என்பது. மூடிய இமைக்கு மேல், நெற்றித் தோலுக்கு மேல் வைப்பதில் பெரும்பாலும் தப்பு வராது. மிஞ்சினால் தோல் எரியும். வாய் வழியாக ரசமோ சுக்கு மல்லி காபியோ குடிப்பதிலும் பயமில்லை. வயிற்றில் அமிலம் இருக்கிறது, அது ஓரளவு பார்த்துக்கொள்ளும். கண்ணுக்குள்ளும் மூக்குக்குள்ளும் விடுவது வேறு கதை. கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. கிருமி நுழைந்தால் எதிர்க்கும் படை வந்துசேரத் தாமதமாகும். மூக்கின் உச்சியிலோ வாசனை நரம்பு நேராக மூளைக்குப் போகிறது.

ஆகவே உள்ளே போவது எதுவானாலும் கிருமியற்றதாக இருக்க வேண்டும். "இயற்கையானது" என்பது அந்தச் சோதனையில் தேறாது. பச்சிலையில் பூஞ்சை வித்து இருப்பதும் இயற்கைதான். இந்தச் சோதனையில் வீட்டிலேயே தேற வைக்கக் கூடியது ஒன்றே ஒன்று. கொதிக்க வைத்த உப்புத் தண்ணீர், அதுவும் மூக்குக்கு மட்டும்.

மூக்கு கழுவுவது: படிப்படியாக

யோகா வகுப்பில் ஜலநேத்தி என்பார்கள். மருந்துக் கடையில் பிளாஸ்டிக் பாட்டிலும் உப்புப் பொட்டலமும் விற்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். வீட்டு வைத்தியங்களிலேயே சைனஸுக்கு ஓரளவாவது ஆய்வின் ஆதரவு உள்ளது இதற்குத்தான். இங்கிலாந்தில் 871 பேரை வைத்து நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், மூக்கு கழுவியவர்களுக்குத் தொல்லை கொஞ்சம் குறைந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி மட்டும் சற்றுக் குறைந்தது, மற்றதில் வித்தியாசம் இல்லை.

ஆனால் தண்ணீரில் கோட்டை விட்டால் உயிரே போகும். நெக்லேரியா ஃபவுலரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கில் ஏறினால் வாசனை நரம்பைப் பிடித்து மூளைக்குப் போய்விடும். பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இரண்டு பேர் இதனால் இறந்தார்கள். நமக்குப் பக்கத்தில் கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபா மூளைக்காய்ச்சல் செய்தியில் அடிபட்டுக்கொண்டே இருந்தது நினைவிருக்கும். பயந்து மூக்கு கழுவுவதையே விட வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும்.

முதலில் தண்ணீர். அரை லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவானாலும் அது குடிப்பதற்கான சுத்தம்தான், மூக்குக்கான சுத்தம் இல்லை. கொதித்துக் குமிழ் வந்த பிறகும் ஒரு முழு நிமிடம் கொதிக்கட்டும். ஊட்டி, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடம் விடுங்கள். அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

இரண்டாவது உப்பு. அரை லிட்டருக்கு நாலரை கிராம், அதாவது தூள் உப்பில் தலைதட்டிய முக்கால் டீஸ்பூன். உப்பைக் கொதிக்கும்போதே போட்டுவிடுங்கள், அதுவும் சேர்ந்து சுத்தமாகும். கல்லுப்பில் மண் இருக்கும், வேண்டாம். அயோடின் உப்பு சிலருக்கு லேசாக எரிச்சல் தரும், அவ்வளவுதான். உப்பே இல்லாத வெறும் தண்ணீர்தான் உண்மையில் எரியும். குளத்தில் முங்கும்போது மூக்கில் ஏறிச் சுரீரென்றதே, அது. சரியான அளவு என்றால் வாயில் வைத்துப் பார்க்கக் கண்ணீர் போல உவர்க்கும்.

மூன்றாவது ஆறவிடுவது. மூடி போட்டு ஆறவிட்டு, வெதுவெதுப்பானதும் விரும்பினால் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா கலக்கலாம். எரிச்சல் குறையும். மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. சூட்டைக் குறைக்கப் பச்சைத் தண்ணீர் கலப்பது நாம் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரு கரண்டி பச்சைத் தண்ணீர் போதும், கொதிக்க வைத்ததெல்லாம் வீண்.

நான்காவது நிற்கும் விதம். வாஷ்பேசினில் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு மூக்குத் துளை மேலே இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள். மூக்குள்ள கிண்டியின் முனையை மேல் துளையில் பொருத்தி மெதுவாகச் சாய்த்தால், தண்ணீர் சுற்றிக்கொண்டு கீழ்த் துளை வழியாக வரும். ஒரு பக்கத்துக்கு அரை டம்ளர் போதும். பாட்டிலாக இருந்தால் அழுத்திப் பீய்ச்சாதீர்கள். நடுவில் பேசாதீர்கள், விழுங்காதீர்கள், முக்கியமாகச் சிரிக்காதீர்கள். முதல் தடவை இது கஷ்டம், கதவைச் சாத்திக்கொள்வது நல்லது.

ஐந்தாவது வடிப்பது. பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். முடிந்ததும் குனிந்தபடியே தலையை இரண்டு பக்கமும் திருப்பி வடியவிடுங்கள். பிறகு இரண்டு துளையையும் மூடாமல் மெல்லச் சிந்துங்கள். இரண்டையும் பிடித்துக்கொண்டு பலமாகச் சீறினால் தண்ணீரும் சளியும் காதுக்குள் ஏறி, மறுநாள் காது வலியோடு எழுந்திருப்பீர்கள். நான் எழுந்திருக்கிறேன். கழுவியவுடன் படுக்கவும் வேண்டாம். அரை மணி கழித்துக் குனியும்போது மிச்சம் வழியும், கையில் கைக்குட்டை இருக்கட்டும்.

கடைசியாகக் கிண்டியைச் சோப்பு போட்டுக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த பாட்டிலில்தான் கிருமி குடியேறும். மிச்சத் தண்ணீரை மூடி வைத்தால் ஒரு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். சளி இருக்கும் நாட்களில் தினம் ஒரு முறை, இரண்டு முறை. சரியானதும் நிறுத்திவிடலாம்.

மூக்கு இரண்டு பக்கமும் முழுதாக அடைத்திருக்கும்போது, காதில் சீழோ செவிப்பறையில் ஓட்டையோ இருக்கும்போது, மூக்கில் ரத்தம் வடியும்போது, மூக்கிலோ காதிலோ அறுவை சிகிச்சை ஆகிச் சில வாரங்கள்கூட ஆகாதபோது இதைச் செய்யக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு இது வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர் மூக்குச் சொட்டு அவர்களுக்குப் போதும்.

ஆவி பிடிப்பது

ஆவியால் சைனஸ் குணமாகாது என்றேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு மூக்கு திறந்து மனிதனாக உணர்வது உண்மை. அதற்காகப் பிடிக்கலாம். நொச்சி இலை, துளசி, கொஞ்சம் ஓமம், மஞ்சள் எதைப் போட்டாலும் வேலை செய்வது பெரும்பாலும் ஈரமும் சூடும்தான். நொச்சி மணம் எனக்குப் பிடிக்கும், அதனால் போடுகிறேன்.

ஆபத்து இலையில் இல்லை, பானையில். கொதிக்கும் தண்ணீரை மடியில் வைத்துப் போர்வைக்குள் குழந்தையோடு உட்காரும் வழக்கம் எத்தனை தொடைகளை வேகவைத்திருக்கிறது என்று தீக்காயப் பிரிவில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குழந்தைகளுக்குப் போர்வை ஆவி வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத மேசையில் வைத்து, ஓரிரு நிமிடம் விட்டு, ஓர் அடி தள்ளி முகத்தைக் காட்டுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தைலம் போட்டிருந்தால் கட்டாயம் மூட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். 2021 மே மாதம் கொரோனா அலையில் பொது இடங்களில் கூட்டமாக ஆவி பிடிக்க வைத்தபோது, அப்படிச் செய்தால் தொற்று பரவும் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியனே வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

பற்று, தைலம், எண்ணெய், புகை

சுக்குப் பற்று சரி. சுக்கை வெந்நீரில் உரைத்து நெற்றியில் மெல்லியதாகப் போட்டு, காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். புருவத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும் நீர்க்கோவை மாத்திரையும் இந்த வகைதான். பெயரில் மாத்திரை இருப்பதால் தண்ணீர் விட்டு விழுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உரைத்து நெற்றியில் பூசுவது.

யூகலிப்டஸ் தைலத்தைக் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகரலாம். மூக்குக்குள் விடக் கூடாது. பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரை போகலாம். கற்பூரமும் அப்படித்தான். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது, துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவது இரண்டும் நம் வீடுகளில் சாதாரணம். இரண்டு வயதுக்குள் கற்பூரம் கலந்த எதுவும் வேண்டாம். குழந்தை அந்த முடிச்சை வாயில் வைத்தால் ஆபத்து.

எண்ணெய்க் குளியலில் குழந்தை மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதும் பழக்கத்தைப் பற்றிக் குழந்தை மருத்துவர்கள் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணெய் இருமலைக் கிளப்பாமல் சத்தமின்றி நுரையீரலுக்குள் இறங்கும், அங்கேயே தங்கும். நுரையீரல் அழற்சி வந்து எந்த மருந்துக்கும் அடங்காமல் படுத்தும். விழுங்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கும் இதே ஆபத்து. நசியம், அதாவது மூக்கில் மருந்து விடும் சிகிச்சை, செய்துகொள்ள விரும்புகிற பெரியவர்கள் படித்த ஆயுர்வேத அல்லது சித்த மருத்துவரிடம் செய்துகொள்ளட்டும், காணொளி பார்த்து வேண்டாம். தும்பைச் சாற்றை மூக்கில் பிழிவது எந்தக் கணக்கிலும் சேராது.

அப்பத்தாவின் மிளகுப் புகை, விரலி மஞ்சளைச் சுட்ட புகை இவையெல்லாம் மூக்கை உறுத்தித் தும்ம வைக்கும். தும்மினால் திறந்தது போல இருக்கும். வீண் என்று சொன்னது இதைத்தான். ஆஸ்துமா உள்ளவருக்கு அது வீண் என்பதோடு நிற்காது. தலைக்குக் குளித்த பின் சாம்பிராணி போடும்போது பக்கத்தில் இழுப்பு உள்ளவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

இங்கிலீஷ் மருந்திலும் ஒரு வீட்டு வைத்தியம் உண்டு. மூக்கடைப்புச் சொட்டு மருந்து. போட்ட நிமிடத்தில் மூக்கு திறக்கும். மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள். அதற்கு மேல் போட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும், அந்த அடைப்புக்கு மறுபடி சொட்டு என்று சுற்றும். வருடக்கணக்கில் சட்டைப் பையில் அந்தப் பாட்டிலோடு அலைகிறவர்களை எனக்குத் தெரியும்.

கண்: வீட்டில் செய்யக்கூடியது

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸ். ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூடிய கண்ணின் பீளையை மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாகத் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு தடவைக்கு. குளிர்ந்த துணியை மூடிய கண்ணில் வைக்கலாம். உறுத்தலுக்குச் செயற்கைக் கண்ணீர் சொட்டு கடையில் கிடைக்கும், திறந்தபின் எத்தனை நாள் வைக்கலாம் என்று பெட்டியில் பாருங்கள். துண்டு, தலையணை உறை, செல்போன் தனி. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை, கை வழியாகத்தான் பரவுகிறது. கருப்புக் கண்ணாடி கண்ணைத் தொடாமல் இருக்க உதவும், அது ஒரு பயன்.

செய்யக் கூடாதது, போன வருடம் யாருக்கோ எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை எடுத்துப் போடுவது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு உடனே வெளுக்கும், எல்லோரும் மகிழ்வார்கள். உள்ளே இருப்பது ஹெர்ப்பிஸ் வைரஸோ பூஞ்சையோ என்றால் அதற்குத் தீனி போட்டது போல ஆகும். நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும்.

கண்கட்டிக்கு ஒத்தடம் உண்மையிலேயே வேலை செய்யும். வெந்நீரில் பிழிந்த துணியை மூடிய இமையில் பத்து நிமிடம், தினம் மூன்று நான்கு முறை. உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக வைப்பதும் இதே தத்துவம்தான், சூடு போதாது, அவ்வளவுதான். நாமக்கட்டிப் பற்று பரவாயில்லை ரகம். காய்ந்து உதிர்ந்தால் தூள் கண்ணுக்குள் விழுந்து கீறும், அதனால் இமை விளிம்பைத் தொடாமல் போடுங்கள். பிதுக்காதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

கண் எரிச்சல், காய்ந்து போவது எல்லாம் இப்போது திரையால்தான். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது விநாடி தூரமாகப் பாருங்கள், இமைக்க மறக்காதீர்கள், ஏசி காற்றும் மின்விசிறியும் நேராக முகத்தில் அடிக்க விடாதீர்கள். வெள்ளரித் துண்டு, கழுவிய நந்தியாவட்டைப் பூ மூடிய கண்ணின் மேல் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். வைத்துக்கொள்ளுங்கள். அதே நந்தியாவட்டையைப் பிழிந்து உள்ளே விட்டால் அதன் பால் எரிக்கும்.

கண்ணுக்குள் விடவே கூடாதவை

தாய்ப்பால், தேன், பன்னீர், இளநீர், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு, திரிபலா கஷாயம், சிறுநீர். ஒவ்வொன்றுக்கும் சான்று சொல்ல யாராவது இருப்பார்கள். தாய்ப்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள் இருப்பது உண்மை. ஆனால் பிறந்து சில நாளே ஆன குழந்தையின் கண்ணில் சீழ் கட்டினால் அது பிரசவத்தின்போது தொற்றிய மேகவெட்டை (கொனோரியா) கிருமியாக இருக்கலாம், ஓரிரு நாளில் கருவிழியைத் துளைத்துவிடும். பால் பீய்ச்சிக் காத்திருக்க நேரமில்லை. கண் மருந்துகள் சிலவற்றில் விளக்கெண்ணெய் சேர்க்கிறார்கள் என்பதும் உண்மை. அது ஆலையில் கிருமி நீக்கிய எண்ணெய், செக்கிலிருந்து வந்து தாளிக்கும் மேடையில் நிற்கும் எண்ணெய் இல்லை. சுர்மா என்ற கண் மையில் ஈயம் இருக்கும். குழந்தைக்கு மை இட்டே ஆக வேண்டுமென்றால் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊர் கருவிழிப் புண்ணுக்குப் பேர்போன ஊர். 1990-களில் வந்த கணக்கின்படி மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவைப் போலப் பத்து மடங்கு. அதில் கிட்டத்தட்டப் பாதி பூஞ்சை. நெல் தூற்றும்போது சுனை படும், கரும்புத் தோகை கீறும். கீறல் சின்னதுதான். அதன்மேல் பச்சிலைச் சாறு விழுந்தால் பூஞ்சைக்கு விதையும் போட்டு நீரும் பாய்ச்சியாயிற்று. ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்று ஊரில் சொல்கிறோமே, பல கண்களில் அந்தப் பூ இப்படித்தான் விழுந்தது. நாக்கால் தூசி எடுப்பதும் இந்தப் பட்டியல்தான். வாயில் இருக்கும் கிருமிக்குக் கீறிய கருவிழி திறந்த வீடு. அப்பத்தாவின் கைராசியால் தப்பித்தேன்.

தூசி விழுந்தால் தேய்க்காமல் பல முறை இமையுங்கள், மேல் இமையைக் கீழ் இமைமேல் இழுத்து விடுங்கள், சுத்தமான தண்ணீரால் அலசுங்கள். போகாவிட்டால், அல்லது வெல்டிங், கிரைண்டிங் வேலையில் பட்டதென்றால், மருத்துவர்.

சுண்ணாம்பும் எருக்கம்பாலும்

இங்கே மட்டும் மேலே சொன்ன சுத்தக் கணக்கையெல்லாம் மறந்துவிடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்தி வெடித்துக் கண்ணில் தெறித்தால், கிடைக்கிற தண்ணீரால் அந்த விநாடியே கழுவத் தொடங்க வேண்டும். குழாய், குடம், பாட்டில் எதுவானாலும் சரி. சுண்ணாம்பு காரம், அமிலத்தைவிட ஆழமாக உள்ளே இறங்கிக்கொண்டே போகும். இமையை விரித்துப் பிடித்து, ஒட்டியிருக்கும் துணுக்கை ஈரப் பஞ்சால் வழித்து, குறைந்தது அரை மணி நேரம் ஊற்றுங்கள். கழுவிய பிறகு கிளம்புங்கள். எலுமிச்சை பிழிந்து காரத்தை முறிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வெளியே அனுப்புங்கள்.

எருக்கம்பால் வேறு மாதிரி ஏமாற்றும். வலிக்கவே வலிக்காது. சில மணி நேரம் கழித்துப் பார்வை புகைமூட்டமாகும், கருவிழி உள்ளிருந்து வீங்கியிருக்கும். விநாயகர் சதுர்த்திக்கு எருக்க மாலை கட்டும் வீடுகளில் கை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். பட்டால் வலி இல்லாவிட்டாலும் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.

நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

சளி பத்து நாளாகியும் குறையவே இல்லை, அல்லது குறைந்து மறுபடி காய்ச்சலோடு ஏறுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். இது நிதானமாக மறுநாள் போகலாம்.

அன்றே, அந்த மணியே போக வேண்டியவை வேறு. சளியோடு கண் இமை வீங்கி, கண் துருத்தி, கண்ணை அசைத்தால் வலித்து, ஒன்று இரண்டாகத் தெரிந்தால் சீழ் அந்தக் காகிதச் சுவரைத் தாண்டியிருக்கலாம். கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பக்க முகம் மரத்து, மூக்கிலிருந்து கருப்பாக வந்தால், 2021-ல் நாம் பார்த்த கருப்புப் பூஞ்சை. கண் சிவந்து வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்து, வாந்தியும் வந்தால் திடீர் கண் அழுத்தம். இதைப் பித்தத் தலைவலி என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்துப் படுத்தவர்கள் காலையில் பார்வை இல்லாமல் எழுந்திருக்கிறார்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை குறைவு, காண்டாக்ட் லென்ஸ் போடுபவரின் சிவந்த கண், கண்புரை அறுவைக்குப் பின் வலி, இவை எதற்கும் காத்திருக்கக் கூடாது. காண்டாக்ட் லென்ஸைத் தண்ணீரில் கழுவுவதும் எச்சில் தொட்டுப் போடுவதும் வேண்டாம்.

நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் அக்கி வந்தால், முக்கியமாக மூக்கு நுனியிலும் கொப்புளம் இருந்தால், கண்ணுக்குள்ளும் அது இறங்கக்கூடும் என்று அர்த்தம். குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வதால் தோலுக்குக் கெடுதல் இல்லை. எழுதிக்கொண்டு ஒரு வாரம் பார்ப்போம் என்பதுதான் கெடுதல். வைரஸ் மருந்தை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பிடிக்கும். எழுதிக்கொண்டே போங்கள், ஆனால் போங்கள்.

குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் அது பெரும்பாலும் சைனஸ் இல்லை, புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ளே இருக்கும். பொம்மையின் பட்டன் பேட்டரி என்றால் சில மணி நேரத்தில் சுவரையே அரித்துவிடும். வீட்டில் தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள், மூக்கும் கழுவாதீர்கள். தலையில் அடிபட்ட பின் ஒரு பக்க மூக்கில் தண்ணீர் போலச் சொட்டினாலும் அது சளி இல்லை, மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது என்ன போட்டீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று பெரும்பாலானோர் மறைக்கிறோம். பச்சிலைச் சாறு விழுந்த கண் என்று தெரிந்தால், அவர் கருவிழியைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பூஞ்சை இழை இருக்கிறதா என்று முதல் நாளே பார்ப்பார். தெரியாவிட்டால் பாக்டீரியா மருந்து கொடுத்து ஒரு வாரம் காத்திருக்கக் கூடும், அந்த வாரத்தில் பூஞ்சை வளரும். சொல்லக் கூச்சமாக இருந்தால் பாட்டிலையோ இலையையோ ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் வைத்துவிடுங்கள்.